பின்னால் யாரும் வேண்டாத கேமரா

சனிக்கிழமை சவுனா நீராவி அறைக்குள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தபோது, பலகைச் சுவருக்கு வெளியே தங்கை ஃபோனில் பேசியதை ரெய்னோ கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான். எழுந்து வெளியே போயிருக்கலாம். ஆனால் இடுப்பில் இருந்த துண்டு அவ்வளவு பெரிய துண்டு இல்லை. அதனால் கடைசி வரைக்கும் உள்ளேயே வெந்துகொண்டு முழுப் பேச்சையும் கேட்கும்படி ஆயிற்று.

இரும்புத் தாது ஏற்றும் ஏரிக் கப்பல் ஒன்றில் தங்கை லைலாவுக்கு இரண்டாம் சமையல்காரி வேலை. 'ஹார்லன் வெஸ்ட்' என்று கப்பலுக்குப் பெயர். குளிர்காலம் வந்து ஏரி உறையும்வரை கப்பல்தான் வீடு. திங்கட்கிழமை அது அவர்கள் ஊரான டுலூத்தின் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறது, அன்று மதியத்துக்கு மேல் கிளம்புகிறது. வேலைக்கு வேண்டிய அடையாள அட்டையைப் போன குளிர்காலத்திலேயே யாரிடமும் சொல்லாமல் வாங்கி வைத்திருந்தாள் லைலா. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அவள் ஃபோனை வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை இன்றைக்குத்தான் விடிந்திருந்தது.

லைலா இன்னும் வாயைத் திறக்கவில்லை. ரெய்னோவும் கேட்கவில்லை. அண்ணனும் தங்கையும் பத்து வருஷமாகச் சேர்ந்து கேமராக்களைச் சோதித்துப் பார்த்து இணையத்தில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். முன்னால் நின்று பேசுகிறவன் அவன். பின்னால் நின்று படமெடுக்கிறவள் அவள். ஒரே ஒரு தடவை, லைலா காய்ச்சலில் படுத்திருந்தபோது, கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டுத் தனியாகப் பேசிப் பார்த்தான். திருட்டு முழி முழிக்கிறானே, யாராவது துப்பாக்கியைக் காட்டிப் பேசச் சொன்னார்களா என்று நேயர்கள் கேட்டார்கள். அதன் பிறகு அவன் அந்த வேலைக்கே போகவில்லை.

இன்று காலைச் சாப்பாட்டு மேசைமேல் புதுக் கேமராவின் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. தயாரித்தவர்கள் இரவலாக அனுப்புவது, சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ரெய்னோ அதைப் பிரித்து எடுத்தான். சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கேமரா. முதுகில் இருந்த தொடுதிரையை அலமாரிக் கதவைத் திறப்பதுபோல் பக்கவாட்டில் திறந்து முன்பக்கமாகத் திருப்பினால், படமெடுக்கிறவன் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

ரெய்னோ பார்த்துக்கொண்டான். தாடியில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"நல்லா பாத்துக்கோ. இத்தனை வருஷமா அந்த மூஞ்சிய நாங்கதான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்றாள் அம்மா ஐரீன், ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியை அறுத்துக்கொண்டே.

லைலா பெட்டியைப் புரட்டினாள். "இதப் பாரேன். 'தனியாகவே படமெடுங்கள், பின்னால் யாரும் தேவையில்லை'ன்னு பெருசா போட்டிருக்கான்."

சொன்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அம்மா ரொட்டிக் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி மகளைப் பார்த்தாள். சொல்லித் தொலையேண்டி என்று அந்தப் பார்வை சொன்னது. ஆக அம்மாவுக்கும் தெரியும். வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு ரகசியத்தை மூன்று பேரும் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு காபி குடித்தார்கள்.

"கிளம்பலாமா?" என்றான் ரெய்னோ.

அவர்கள் வீடு ஏரிக்குள் நீண்டு போகும் மணல்திட்டில் இருக்கிறது. ஊருக்குப் போக ஒரே ஒரு பாலம். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். அதைக் கடந்து வண்டியை நிறுத்தியபோது மேலே மலைச்சரிவில் ஜூன் மாத வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே, கப்பல்கள் வந்துபோகும் கால்வாய்க் கரையில் மூடுபனி. ஏரியின் மூச்சு ஊரின் முழங்கால் வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. பாலத்தின் கால்கள் மட்டும் தெரிந்தன, மற்றதெல்லாம் வெள்ளைக்குள்.

எந்தக் கேமரா வந்தாலும் அவர்கள் சோதிப்பது இந்தக் கால்வாய்த் தளத்தில்தான். ஒரே இடத்தில் எடுத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். ஒரு முனையில் பாலம், மறுமுனையில் விளக்குக் கோபுரம், நடுவில் நீண்ட கான்கிரீட் பாதை. இன்று கோபுரம் எங்கே என்று கேட்டால் பனியைத்தான் காட்ட வேண்டும்.

"மைக் ஒயரைக் குத்தினா திரை முழுசாத் திரும்பல. இடிக்குது" என்றாள் லைலா. மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருந்தாள்.

"பெரிய குறைதான்."

"சின்னக் குறை. கையுறையோட தொட்டா வேலை செய்யுதா?"

"ஜூன் மாசத்துல எவன்டி கையுறை போடுவான்?"

"டுலூத்காரன்."

அவன் சிரித்துவிட்டான். அவளோடு இருக்கும்போது சிரிப்பு தானாக வந்துவிடுகிறது, அதுதான் தொந்தரவு. கையில் மிச்சமிருந்த ரொட்டித் துண்டை லென்ஸுக்கு முன்னால் நீட்டினான். கேமரா அவன் முகத்தை விட்டுவிட்டு ரொட்டிக்குத் தாவியது, அதை எடுத்ததும் தயங்காமல் முகத்துக்குத் திரும்பியது. நடந்துகொண்டே எடுத்தால் ஆட்டம் இல்லை. தோலின் நிறம் தோலின் நிறமாகவே இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் அது தேறத் தேற அவன் இன்னொரு குறையைத் தேடினான்.

திரையில் இருந்த சின்னச் சதுரம் திடீரென்று நகர்ந்தது. அவன் முகம் மங்கியது. பின்னால் பாலத்தின் இரும்புக் கால் பளிச்சென்று தெளிந்தது.

"ஏன் தொட்ட?" என்றான்.

"நான் தொடல."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். திரைமேல் ஒரு பனித்துளி. அது உருண்டு இறங்க இறங்கச் சதுரமும் கூடவே இறங்கியது. கேமரா அதற்குக் கீழ்ப்படிந்து தண்ணீர், கம்பி, வெறும் வெள்ளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் பனி படமெடுப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

"இதையும் சொல்லணும். ஈரம் பட்டா திரை குழம்பிப் போகுது" என்றாள் லைலா, திரையைத் துடைத்துவிட்டு. "சரி. நான் கோபுரம் வரைக்கும் நடந்துட்டு வரேன். நீ தனியா எடு. தனியா எடுக்கற கேமராவை ரெண்டு பேர் நின்னு சோதிச்சா என்ன அர்த்தம்?"

"பக்கத்துல நில்லேன். என்ன போச்சு?"

"பக்கத்துல நின்னா தனியா ஆகாது" என்று அவள் நடக்கத் தொடங்கினாள்.

ரெய்னோ கையை நீட்டிக் கேமராவைத் தன்னை நோக்கிப் பிடித்தான். திரையில் அவன் முகம். அவன் தோளுக்குப் பின்னால் கான்கிரீட் பாதை, அதில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. "வணக்கம், இன்னிக்கு நம்ம கையில இருக்கறது" என்று ஆரம்பித்தான். மஞ்சள் ஒரு விரல் அளவுக்கு வந்தது. கேமராவின் எடையைப் பற்றி ஏதோ சொன்னான். மஞ்சள் ஒரு நகம் அளவுக்கு வந்தது. அதன் ஓரங்களைப் பனி மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. முதலில் கால்கள் போயின, பிறகு தோள். கடைசியில் காகிதத்தில் சிந்திய மஞ்சள் மையாக ஒரு பொட்டு நின்றது, அதுவும் வெளுத்தது. தான் பேசிக்கொண்டிருப்பது அவனுக்கே கேட்டது. என்ன பேசினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லைலா திரும்பி வந்ததும் இருவரும் வண்டிக்குள் ஏறி, சூட்டைப் போட்டுக்கொண்டு, எடுத்ததை ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

"கண்ணு லென்ஸ்லயே இல்ல" என்றாள் லைலா. "திரையப் பாத்துக்கிட்டே பேசற. பாக்கறவனுக்கு நீ வேற யார்கிட்டயோ பேசற மாதிரி இருக்கும். அவ்வளவு அழகாவா இருக்க நீ?"

அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. "அதைத்தான் நானும் சொல்றேன். இந்தத் திரை இருக்கற இடமே தப்பு. எவன் எடுத்தாலும் கண்ணு அங்கதான் போகும். ஒயர் இடிக்குது. ஈரத்துல குழம்புது. பேட்டரி பாரு, பாதி காலி. இது தேறாது லைலா. பின்னாடி ஒரு ஆள் இல்லாம இதுல ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு சொல்லிடலாம்."

"போன மாசம் ஒரு தகர டப்பாவுக்கு நல்ல பேரு குடுத்தவன் நீ."

"அது வேற."

"இது நல்ல கேமரா, ரெய்னோ. உனக்கே தெரியும். பெட்டியப் பிரிச்சு நீ இவ்வளவு நேரம் பேசாம இருந்தாலே நல்ல கேமரான்னு அர்த்தம்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "பின்னாடி ஒரு ஆள் வேணும், வேணும்னு ஏன் அதையே புடிச்சுத் தொங்கற?"

அவன் வண்டிக் கண்ணாடியில் இறங்கும் தண்ணீரைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் லைலா மெதுவாக.

"சவுனா சுவர் மெலிசு."

லைலா சிரிக்க ஆரம்பித்தாள். "துண்டோடயா உக்காந்து கேட்ட? முழுசையுமா? அய்யோ, பாவி." சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். சிரிப்பு எப்போது முடிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை, துடைப்பது மட்டும் நிற்கவில்லை.

"தெரிஞ்சும் கேக்கலையே நீ" என்றாள்.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

"சொன்னா நீ போகாதேன்னு சொல்லுவ. நீ சொல்லிட்டா நான் போக மாட்டேன். அதான் சொல்லல." கோட்டுக் கையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். "எத்தனை வருஷமா இந்தக் கரையில நின்னு கப்பல் போறதப் படம் புடிச்சிருக்கேன். ஒரு தடவை அதுல நின்னுக்கிட்டு இந்தக் கரையப் பாக்கணும். அவ்வளவுதான். உன்னை விட்டுட்டு ஓடணும்னு இல்ல. இன்னும் சரின்னு நான் சொல்லல அவங்ககிட்ட. மதியத்துக்குள்ள சொல்லணும்."

போகாதே என்ற சொல் ரெய்னோவின் நாக்கில்தான் இருந்தது. அது வெளியே வராமலிருக்க, "நான் தனியா நின்னா எப்படி இருக்கும்னு இப்பத்தான பாத்த" என்றான்.

லைலா படத்தை மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை குனிந்து, கூர்ந்து பார்த்தாள். அதில் அவன் தோளுக்கு வலப்பக்கமாக மஞ்சள் நடந்தது. அவன் கண்கள் வலப்பக்கம் இருந்தன. பாதையின் வளைவில் மஞ்சள் இடப்பக்கம் வந்தது. கண்களும் வந்தன. மஞ்சள் கரைந்து மறைந்தபோது அந்தக் கண்கள் அதே இடத்தில் நின்று தேடின. அவள் படத்தை நிறுத்தினாள்.

"நீ உன்னைப் பாக்கல" என்றாள். "என்னைப் பாத்திருக்க."

"ஆமா."

"இவ்வளவு நேரமும்?"

"நான் எந்தக் காலத்துல லென்ஸப் பாத்தேன்?" என்றான் ரெய்னோ. இதை அவன் இதுவரை தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. "நீ நிக்கற பக்கம் பாத்துப் பேசினேன். லென்ஸ் அங்க இருந்துச்சு. நேயருக்குன்னு நான் ஒரு வார்த்தை பேசினதில்ல லைலா. எல்லாம் உன்கிட்ட பேசினதுதான்."

அவள் கேமராவை எடுத்துத் திரையைத் திருப்பி, உள்பக்கமாக மடித்து, டக்கென்று மூடினாள். இப்போது அது கறுப்புச் சோப்புக் கட்டியாக இருந்தது.

"இப்படி மூடிட்டு எடு."

"ஒண்ணும் தெரியாதே."

"தெரிய வேண்டாம். கண்ணாடி ஒண்ணு உருண்டையா இருக்கு பாரு, அதைப் பாத்துப் பேசு. நான் உன் பின்னாடியேதான் நிப்பேன்."

மறுபடி கரைக்குப் போனார்கள். பனி இன்னும் இறங்கியிருந்தது. கல் பெஞ்சுக்கு அருகே நின்று கையை நீட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே தன் முகம் இல்லை, மஞ்சள் இல்லை, ஒரு சின்ன உருண்டைக் கண்ணாடி மட்டும். முதுகுக்குப் பின்னால் அவள் காலணி ஈரக் கான்கிரீட்டில் உரசும் சத்தம் கேட்டது. அது போதும் என்று நினைத்துக்கொண்டு பேசினான்.

நன்றாகப் பேசினான். முதல் வாக்கியத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒயர் இடிப்பதைச் சொன்னான். பனித்துளி தொட்டுக் கேமரா வழிதவறியதைச் சொன்னான், அதைக் குறையாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட்டான். திரையைத் திறந்து வைத்தால் கண் அலையும், மூடிவிட்டு எடுத்துப் பழகுங்கள் என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பதுபோல் இருந்தது, யார் என்று அவன் பார்க்கவில்லை.

நிகழ்ச்சியின் முடிவில் எப்போதும் அவன் "என்ன சொல்ற?" என்று கேட்பான். படத்தில் ஒருநாளும் முகம் காட்டாத லைலா பின்னாலிருந்து "வாங்கலாம்" என்பாள், இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பாள். அந்தக் குரலுக்காகவே பார்க்கிறவர்கள் உண்டு.

"என்ன சொல்ற?" என்றான் பழக்கத்தில்.

கால்வாய்த் தண்ணீர் கல்லில் தட்டியது. வேறு சத்தம் இல்லை.

கொஞ்சம் காத்திருந்தான். பிறகு அவனே சொன்னான். "வாங்கலாம். பின்னாடி யாரும் வேண்டியதில்ல."

பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைத் திறந்தான். தன் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் பாதை தெரிந்தது. பாதையில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தான். அங்கேயும் அதுதான் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். நாற்பதைத் தாண்டிய தாடிக்காரன் பட்டப்பகலில் அழுகிறானே என்று பார்க்க யாரும் இல்லை. பனிக்கு அப்பால் எங்கோ மலைமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நல்லதைத்தான் செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதனால் வலி குறையவில்லை. ஒரு தூக்கம் வந்து எழுந்ததுபோல் நேரம் போயிருந்தபோது ஃபோன் அடித்தது. அம்மா.

"டாக்ஸில வந்தாடா. பையத் தூக்கினா, என்னைக் கட்டிப் புடிச்சா, போயிட்டா. அதே டாக்ஸில துறைமுகத்துக்கு" என்றாள் ஐரீன். "இப்ப மேசையத் துடைக்கப் போறேன், அவ கப்பல் அட்டை இங்கயே கிடக்கு."

"என்னது?"

"அது இல்லாம வாசல்லயே நிறுத்திடுவாங்கன்னு அவதான் சொல்லியிருக்கா. ஃபோன் எடுக்க மாட்டேங்கறா. கப்பல் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. வண்டி உன்கிட்டல்ல இருக்கு, நீ வந்து எடுத்துட்டுப் போயிக் குடுத்தாத்தான் உண்டு." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "மறந்துட்டாளா, வேணும்னே வெச்சுட்டுப் போனாளா, எனக்குத் தெரியலடா. அவ எதையும் மறக்கறவ இல்லையே."

அவன் எழுந்து நின்றான். அந்த நேரம் பார்த்துப் பாலத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. வெளியே ஏரியில் ஏதோ ஒரு கப்பல் உள்ளே வரப் பார்க்கிறது. இன்னும் சற்று நேரத்தில் தடுப்புக் கம்பம் இறங்கும், பாலம் மேலே போகும், மணல்திட்டுக்குப் போகிறவர்கள் கப்பல் கடக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

மணல்திட்டுக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு சலுகை உண்டு. பள்ளிக்குத் தாமதமா, கல்யாணத்துக்குத் தாமதமா, பாலம் தூக்கிவிட்டது என்றால் போதும். யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அம்மா கேட்க மாட்டாள். லைலாவும் கேட்க மாட்டாள். அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தால் போதும், கப்பல் போய்விடும், தங்கை வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருவேளை அவளுக்கும் அதுதான் வேண்டுமோ என்னவோ.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரவல் கேமராவைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ரெய்னோ வண்டியை நோக்கி ஓடினான். அவளை அனுப்பி வைக்கத்தான் ஓடுகிறோமா, இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் ஓடுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணெதிரே தடுப்புக் கம்பம் இறங்க ஆரம்பித்திருந்தது.